முன்பணம் கொடுப்பதற்கு முன்: தமிழ்நாட்டில் பழைய வீடு வாங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

வீடு பிடித்துப்போன அன்றே புரோக்கர் டோக்கன் அட்வான்ஸ் கேட்பார். "இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங்ல இருக்காங்க" என்பார். ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கைமாறும். பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் அதற்குப் பிறகுதான் பார்க்கப்படும். கோளாறு தெரியவரும்போது பணம் அந்தப் பக்கம் போயிருக்கும். அதைத் திரும்ப வாங்க முடியாமல், கோளாறோடு சேர்த்தே வீட்டையும் வாங்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். முன்பணம் எட்டாவது படியில்தான் வரும். முதல் ஆறு படிகளுக்குச் செலவு மிகக் குறைவு. பெரும்பகுதியை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். இங்கே பேசுவது ஒருவர் ஏற்கெனவே குடியிருந்த தனி வீட்டைப் பற்றி. மனை வாங்குவோருக்கும் பெரும்பாலும் இதே வரிசை பொருந்தும். அடுக்ககத்துக்கு மாறுபடுவதை ஆறாவது படியில் சொல்லியிருக்கிறேன்.

1. கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள்

"பேங்க் எண்பது சதவீதம் தரும், இருபது சதவீதம் நம்மிடம் இருக்கிறது" என்ற கணக்கோடு இறங்குகிறவர்கள் பத்திரப்பதிவு நேரத்தில் நகையை அடகு வைக்கிறார்கள். கணக்கில் இரண்டு இடங்களில் ஓட்டை விழும்.

முதலாவது பதிவுச் செலவு. தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு மட்டும் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சொத்தின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் இந்தச் செலவை விலையோடு சேர்த்து வங்கி கடன் தராது. இது ரிசர்வ் வங்கி விதி.

இரண்டாவது மதிப்பீடு. நீங்கள் பேசிய விலையையும் வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் விலையையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதைத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். வீட்டு விலை 60 லட்சம், வங்கி மதிப்பு 55 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு உச்சவரம்பு 80 சதவீதம். ஆகவே கடன் 44 லட்சம். மீதி 16 லட்சம், பதிவுச் செலவு 5.4 லட்சம், இரண்டும் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். வக்கீல் கட்டணம், புரோக்கர் கமிஷன், வங்கியின் செயலாக்கக் கட்டணம், பெயின்ட் செலவு எல்லாம் இதற்கு மேல். 12 லட்சம் போதும் என்று நினைத்தவருக்கு 22 லட்சம் தேவைப்படுகிறது.

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் தெருவாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் வழிகாட்டி மதிப்பு, அதாவது தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் விலை, இருக்கிறது. அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நீங்கள் பேசிய விலை அதைவிடக் குறைவாக இருந்தாலும் தீர்வை வழிகாட்டி மதிப்புக்குத்தான் கேட்பார்கள்.

2. ஜெராக்ஸ் கட்டைக் கேட்டு வாங்குங்கள்

விலை பேசும் முன்பே வீட்டுக்காரரிடம் இவற்றின் நகல்களைக் கேளுங்கள்: இப்போதைய கிரையப் பத்திரம், கிடைக்கிற வரைக்கும் தாய்ப்பத்திரங்கள் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரங்கள்), பட்டா, கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது. உரிமையாளர் இறந்து வாரிசுகள் விற்பதாக இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். கடன் இருந்தால் எந்த வங்கியில், எவ்வளவு பாக்கி என்பதும் தெரிய வேண்டும்.

"அட்வான்ஸ் போட்டால்தான் பத்திரம் காட்டுவோம்" என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஒரிஜினலை யாரும் முதல் நாளே கையில் தர மாட்டார்கள், அது நியாயம். ஜெராக்ஸ் கொடுக்கத் தயங்குவதற்கு நல்ல காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

3. வில்லங்கத்தை நீங்களே பாருங்கள்

வீட்டுக்காரர் தரும் ஈசி (வில்லங்கச் சான்று) நகலை நம்பி நிற்காதீர்கள். டிஎன்ரெஜிநெட் தளத்தில் கணக்கு தொடங்கினால் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் விவரங்கள் இருக்கின்றன. அதற்கு முந்தையது தேவைப்பட்டால் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்க வேண்டும். கையெழுத்திட்ட சான்று வேண்டுமென்றால் மட்டும் பணம் கட்டினால் போதும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் சர்வே எண். இப்போதைய பத்திரத்தில் 112/2ஏ1 என்று இருக்கிறது. அதை மட்டும் போட்டுத் தேடுகிறார்கள். இரண்டு பதிவுகள் வருகின்றன. சொத்து சுத்தம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த உட்பிரிவு பிறந்ததே சில வருடங்களுக்கு முன்பாக இருக்கலாம். அதற்கு முந்தைய அடமானமும் பாகப்பிரிவினையும் 112/2 என்ற எண்ணிலோ வெறும் 112 என்ற எண்ணிலோதான் பதிவாகியிருக்கும். எனவே மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஊர் வேறு சார்பதிவாளர் அலுவலக எல்லைக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். எந்த அலுவலகம் என்பது பழைய பத்திரத்தின் முத்திரையிலேயே இருக்கும்.

வந்த பட்டியலை எப்படிப் படிப்பது? ஒவ்வொரு பதிவிலும் எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை, ஆவண எண், முந்தைய ஆவண எண் ஆகியவை இருக்கும். ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு பதிவில் வாங்கியவர்தான் அடுத்த பதிவில் கொடுப்பவராக இருக்க வேண்டும். நடுவில் புதுப்பெயர் ஒன்று முளைத்தால், அவருக்குச் சொத்து எப்படி வந்தது என்பதற்கு ஒரு பதில் இருந்தாக வேண்டும்.

அடமானம் அல்லது 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று வரும் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ஒரு 'ரசீது' பதிவு இருக்க வேண்டும். கடனை அடைத்துவிட்டு ரசீது பதியாமல் விட்டவர்கள் ஏராளம். அப்படியானால் வீட்டுக்காரர் வங்கிக்குப் போய் அதைப் பதிந்து தரட்டும். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உங்கள் கடன் விண்ணப்பம் இந்த இடத்தில்தான் நிற்கும்.

ஈசி பதிவானதை மட்டுமே காட்டும். பதியாத உயில், பதியாத ஒப்பந்தம், நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதுவும் அதில் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு இடங்களில் கூடுதலாகப் பாருங்கள். நீதிமன்ற வழக்கு விவரங்களுக்கான இகோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரைப் போட்டு அந்த மாவட்ட நீதிமன்றங்களில் தேடலாம். பெயரை எழுதும் விதம் மாறும் என்பதால் இனிஷியலோடும் இல்லாமலும் தேடுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கினால் அதன் தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். வங்கிகளிடம் இருக்கும் அடமானங்களுக்கு செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு இருக்கிறது. சிறு கட்டணம் கட்டி யாரும் தேடலாம்.

4. பத்திரங்களைப் பழையதிலிருந்து புதியதை நோக்கிப் படியுங்கள்

எல்லோரும் கடைசிப் பத்திரத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். சொத்து குடும்பத்துக்குள் எப்படிப் பிரிந்தது என்பது முந்தைய பத்திரங்களில்தான் தெரியும். பிரச்சினையும் அங்கேதான் இருக்கும்.

நான் பார்த்தவரையில் அதிகமாக விடுபடுவது பெண்களின் கையெழுத்து. "தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு, அவங்க கையெழுத்து வேண்டாம்" என்பார்கள். சீர் செய்ததால் பங்கு போய்விடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமப் பங்கு. பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே திருமணமாகாத பெண்களுக்குக் கொடுத்தது. 2005 மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை அந்தத் திருத்தம் தொடாது. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தின் தேதியைக் கவனமாகப் பாருங்கள்.

இன்னொன்று பாட்டியின் பங்கு. அப்பா இறந்தபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவரும் முதல்நிலை வாரிசு. பிறகு அவரும் உயில் இல்லாமல் இறந்திருந்தால், அந்தப் பங்கில் அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது விற்பவரின் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும், உரிமை வந்துவிடும். வாரிசுச் சான்றில் தாயார் பெயர் இருக்கிறதா, இல்லையென்றால் அவர் மகனுக்கு முன்பே இறந்தாரா என்று தேதியோடு கேளுங்கள். பங்கை விட்டுக்கொடுத்தவர்கள் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதியிருக்க வேண்டும். வாய்மொழியும் வெள்ளைத்தாளும் போதாது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுரிமை வேறு. அந்தக் கணக்கை வக்கீலிடம் விடுங்கள்.

மைனரின் பங்கு சேர்ந்திருந்தால் நீதிமன்ற அனுமதி இருந்ததா என்று பாருங்கள். இந்துக் குடும்பத்தில் அம்மாவோ அப்பாவோ கார்டியனாகக் கையெழுத்திட்டது மட்டும் போதாது. பிள்ளை மேஜரானபின் மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரையத்தை எதிர்த்து வழக்குப் போடலாம்.

பவர் பத்திரத்தில் விற்கிறார்கள் என்றால் பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறார் என்பது உறுதியாக வேண்டும். அவர் இறந்தால் சாதாரணப் பவரும் முடிந்துவிடும். முடிந்தவரை அவரிடமே நேரில் அல்லது வீடியோ காலில் பேசுங்கள்.

"ரிஜிஸ்டர் ஆபீஸிலேயே எல்லாம் செக் பண்ணித்தானே பதிவாங்க" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று விசாரிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே கூறியது. பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

5. வருவாய்த்துறைப் பதிவுகளோடு பொருத்துங்கள்

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நில விவரம் சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுக்கலாம். நகரப் பகுதியாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேடு. பத்திரத்தில் உள்ள பெயர், சர்வே எண், பரப்பு மூன்றும் பட்டாவோடு ஒத்துப்போக வேண்டும்.

பட்டாவில் தாத்தா பெயரே இருந்தால் பயப்பட வேண்டாம். மாற்றித் தரச் சொல்லுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உங்களுக்கு வரும் பகுதி உட்பிரிவு ஆகவில்லை என்று பொருள். வாங்கியபின் சர்வேயர் வந்து அளக்கும்வரை காத்திருக்க வேண்டும். இவை சரிசெய்யக்கூடியவை.

சரிசெய்ய முடியாதவை அ-பதிவேட்டில் தெரியும். நிலத்தின் வகைப்பாடு ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), புறம்போக்கா (அரசு நிலம்), கோயில் நிலமா என்று அதில் இருக்கும். புறம்போக்கு என்றால் எத்தனை வருட வரி ரசீது இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பஞ்சமி நிலம் என்று கேள்விப்பட்டாலும் அப்படியே. 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒப்படைக்கப்பட்ட நிலம் அது. மற்றவர்கள் வாங்கினால் கிரையம் நிற்காது, அந்த மக்களிடமிருந்து அதைப் பறிப்பதும் தவறு.

மனைப்பிரிவின் அனுமதி எண்ணையும் பாருங்கள். சென்னைப் பெருநகரில் சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இருக்க வேண்டும். அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்காக வந்தது. வரன்முறை ஆணை இருந்தால் அதன் நகலை வாங்குங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வாங்காதீர்கள்.

6. டேப்போடு இடத்துக்குப் போங்கள்

பத்திரத்தின் கடைசியில் இருக்கும் சொத்து விவரத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, கூட ஒருவரை அழைத்துப் போய் அளங்கள். ஒரு செக்குபந்தியை (நான்கு பக்க எல்லை விவரத்தை) எடுத்துக்கொள்ளுங்கள்: "வடக்கில் 20 அடி பொதுப்பாதை, கிழக்கில் மனை எண் 14". வடக்கில் டேப்பைப் பிடித்தால் 13 அடிதான் வருகிறது. எதிர்வீட்டுச் சுவர் பாதையில் வந்திருக்கிறதா, உங்கள் வீட்டுத் திண்ணை பாதையில் போயிருக்கிறதா? அளந்து பார்க்காமல் பதில் தெரியாது. பின்னதாக இருந்தால் இடிக்கப்போவது உங்கள் சொத்து. நான்கு பக்கமும் அடிக்கணக்கை எழுதி, பெருக்கிப் பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி.

பிறகு அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருக்க, மேலே இரண்டு தளம் நின்றால் மேல்தளங்களுக்கு வங்கி மதிப்புப் போடாது. சொத்துவரி ரசீதில் உள்ள கட்டடப் பரப்பும் ஒத்துவர வேண்டும்.

மழைக்காலத்தில் ஒருமுறை பாருங்கள். முடியாவிட்டால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். சென்னை என்றால் "2015 டிசம்பர்ல தண்ணி எதுவரைக்கும் வந்தது, மிக்ஜாம் புயலப்போ எத்தனை நாள் நின்னுது" என்று எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். விற்பவர் சொல்லாததை அவர் சொல்வார்.

அடுக்ககமாக இருந்தால் பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் பாருங்கள். எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் மொத்த நிலத்தைத் தாண்டக்கூடாது. புதிய திட்டம், நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். அங்கே பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை.

7. உங்களுக்கென்று ஒரு வக்கீல்

இதுவரை சேர்த்த கட்டை இப்போது வக்கீலிடம் கொடுங்கள். விற்பவரின் வக்கீலோ புரோக்கர் காட்டும் வக்கீலோ வேண்டாம். வங்கியின் வக்கீல் பார்ப்பார் என்று இருந்துவிடவும் வேண்டாம். அவர் பார்ப்பது வங்கியின் பணம் திரும்புமா என்பதை. எழுத்தில் கருத்துரை வாங்குங்கள். அவர் சந்தேகப்பட்டால் நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். தெரியாத வாரிசுகள் சிலர் அதைப் பார்த்துத்தான் வெளியே வருகிறார்கள்.

8. இப்போது முன்பணம்

ஒரிஜினல் பத்திரங்களை நேரில் பார்த்தபின் கிரைய ஒப்பந்தம் போடுங்கள். வங்கியில் அடமானம் இருந்தால் ஒரிஜினல் அங்கே இருக்கிறதா என்று வங்கிக்கே போய்ப் பார்க்க வேண்டும். பதியாமல் வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அதில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு: பதிந்துவிட்டால் அது ஈசியில் ஏறும், விற்பவர் இன்னொருவரிடம் விலை பேசினால் அவர் கண்ணில் படும்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: மொத்த விலை, காலக்கெடு, உரிமையில் குறை தெரிந்தாலோ வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், குடியிருப்பவரைக் காலி செய்வது யார் பொறுப்பு, வரி மின்கட்டண பாக்கி யார் கட்டுவது. எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். "அண்ணன் பார்த்துப்பார்" என்பது செல்லாது.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். வீடு நிலம் வாங்கல் விற்றலில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைப் பெற்ற விற்பவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். உங்களுக்கும் நட்டம்தான்: கொடுத்ததற்குச் சாட்சி இருக்காது.

9. பதிவுக்கு முந்தைய மாலையும் பதிவு நாளும்

ஒப்பந்தத்துக்கும் கிரையத்துக்கும் நடுவில் மாதங்கள் ஓடியிருக்கும். பதிவுக்கு முந்தைய நாள் ஈசியை மறுபடி பாருங்கள். நிறையப் பேர் விட்டுவிடும் சின்ன வேலை இது.

பத்திர வரைவை முன்கூட்டியே வாங்கிச் சொத்து விவரத்தை எண் எண்ணாக, புலப்படத்தோடு வைத்துப் படியுங்கள். 112/2ஏ1 என்பது 112/2ஏ என்று தட்டச்சாகிவிட்டால் பிழைதிருத்தல் பத்திரத்துக்காக விற்றவரைத் தேடிப் போக வேண்டும். பெயர்கள் ஆதார், பான் அட்டையில் உள்ளபடி இருக்கட்டும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்தே கழிக்கும் வருமான வரி) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குபவர். விற்பவர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ குடியேறியவராக இருந்தால் இந்த 1 சதவீதமும் 50 லட்சம் வரம்பும் பொருந்தாது. பிடித்தம் இதைவிட மிக அதிகம். ஊரில் வீடு இருக்க, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் நம்மிடம் அதிகம் என்பதால் இந்த இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முன்பணத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். குறைவாகப் பிடித்தால் வரித்துறை கேட்பது உங்களிடம்தான்.

10. பதிவுக்குப் பிறகு

சாவி வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். வரிசை இதுதான்: சில நாளில் ஈசியில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று பாருங்கள். பிறகு பட்டா. முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் பெயர் மாற்றம் சீக்கிரம் நடக்கும். உட்பிரிவு என்றால் சர்வேயர் அளக்க வேண்டும், அந்த நாளில் நீங்கள் அங்கே நில்லுங்கள். அடுத்து சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு. மின் இணைப்பைப் பழைய பெயரிலேயே வருடக்கணக்கில் விட்டால் பெயர் மாற்றம் கேட்கும் அன்று பழைய உரிமையாளரின் சம்மதத்தைத் தேடி அலைய நேரும்.

கடன் வாங்கியிருந்தால் ஒரிஜினல் பத்திரங்கள் வங்கியிடம் போகும். கொடுக்கும் ஒவ்வொரு ஆவணத்தையும் குறித்த பட்டியலை, முத்திரையோடு வாங்கி வையுங்கள். கடன் அடைந்த 30 நாளுக்குள் அவற்றைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் கையில் இருந்தால்தான் எது திரும்பவில்லை என்று கேட்க முடியும். பத்திரங்களை வாங்கிய கையோடு ரசீது ஆவணத்தையும் பதிந்துவிடுங்கள்.